மூக்கு சிஸ்டர்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று என் கையைப் பார்க்கவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

“அண்ணாச்சி, கேஸ் ட்யூப்பு மாத்தி எத்தினி வருசம் ஆவுது?”

எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்திருந்தார். நான் ஒரு வாய் காப்பிக்குத் தவித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு கையை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சமையலறைக்குள்ளிருந்து என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு வாடையும் இல்லையே! காலையில இருந்து நான் இங்கனதான நிக்கேன்.”

“அங்கியே நிக்கிறீங்கோ இல்ல, அதான் தெர்ல” என்று சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி ட்யூபின் மேல் தடவினார். ரெகுலேட்டர் பக்கத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. மனைவி சிலிண்டரை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் என் கையைப் பிடித்து ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசி ஏறியதே தெரியவில்லை.

திருவொற்றியூரில் எங்களுக்கு மளிகைக்கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா போட்ட கடை. நாற்பத்தாறு வயதில் எனக்குச் சர்க்கரை வந்ததும் அவர் அறிமுகமானதும் ஒரே வாரத்தில்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கம் யாருக்கும் ஆள் தெரியாது. தேரடி முதல் நெட்டுக்குப்பம் வரைக்கும் அவர் மூக்கு சிஸ்டர்தான். நர்ஸ் இல்லை. ஆனால் ஊசியோடு வீட்டுக்குள் வரும் பெண் எவரும் எங்கள் ஊரில் சிஸ்டர்தான். ஒல்லியான தேகம், என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய லேடீஸ் சைக்கிளின் கேரியரில் ஐஸ் பெட்டியை ரப்பர் ட்யூபால் கட்டி, விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். சர்க்கரைக்காரர்கள் காப்பி குடிப்பதற்கு முன் அவர்களைப் பிடித்தாக வேண்டும்.

அவரால் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. அதுதான் அவர். திறந்து கிடக்கிற சாக்கடைக்குழி கண்ணில் பட்டால் சைக்கிளை நிறுத்தி, எங்கிருந்தாவது ஒரு பூவரசங்கிளையை ஒடித்து அதில் நட்டுவிட்டுத்தான் போவார். மின்கம்பத்திலிருந்து வயர் தொங்கினால், அந்தத் தெருவில் நான்கு கதவையாவது தட்டிச் சொல்லுவார். சுற்றியிருக்கும் கம்பெனிகளிலிருந்து காற்றில் ஏதாவது வந்தால் கேட்கவே வேண்டாம். “ஜன்னல சாத்து, கொயந்தைய உள்ள தூக்கு, கம்பெனிக்காரன் தொறந்து வுட்டுட்டான்” என்று பெல் அடித்துக்கொண்டே போவார். அரைமணி நேரம் கழித்து மற்றவர்களுக்கும் அந்த நாற்றம் வந்து சேரும்.

டாக்டர் எனக்கு உடற்பயிற்சி வேண்டும் என்றார். நடக்கச் சோம்பல்பட்டு ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஹெல்மெட், கையுறை, பின்பக்கம் பஞ்சு வைத்த டவுசர் எல்லாம் உண்டு. முதல்நாள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போகையில், பின்னால் பெல் சத்தம் கேட்டது.

“இன்னா அண்ணாச்சி, நிலாவுக்கா கெளம்பிட்டீங்கோ?” என்று கேட்டபடி அந்த லேடீஸ் சைக்கிள் என்னை முந்திப் போனது.

மறுநாளிலிருந்து அவர் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். தனியாக ஓட்டப் பயமாக இருந்ததுதான் உண்மையான காரணம். அந்தச் சாலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருபக்கம் கடலும் கருங்கல்லும். மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகள், ரயில் மாதிரி. நடுவில் மிஞ்சிய இடத்தில்தான் சைக்கிள். கீழே மண், சாம்பல், மழை பெய்தால் எண்ணெய். சிஸ்டரின் கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அதனால் லாரிக்காரன் எதைப் பார்ப்பான், எதைப் பார்க்கமாட்டான் என்பதெல்லாம் சிஸ்டருக்கு அத்துப்படி.

“அவன் கண்ணாடில உன் மூஞ்சி தெரியணும் அண்ணாச்சி. தெர்லன்னா நீ ரோட்லயே இல்லன்னு அர்த்தம்.”

போகும்போதே ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வருவார். இந்த வளைவில் அழுகிய முட்டை. அந்தச் சுவரோரம் பெயிண்ட். எர்ணாவூர் தாண்டினால் நரைமுடிக்குப் பூசும் சாயம் மாதிரி ஒரு நெடி. கழிமுகம் வந்தால் கருவாடும் சாம்பலும் சேர்ந்த ஒன்று. எனக்கு எல்லாமே ஒன்றுதான், நாறுகிறது, அவ்வளவு. மளிகைக்கடைக்காரனுக்கு இவ்வளவு மோசமான மூக்கா என்று சிரிப்பார்.

காற்று நாறினால் புகார் சொல்லும் அரசாங்க எண்ணுக்கு வாரம் ஒருமுறையாவது போன் செய்வார். எதிர்முனையில் எப்போதும் ஒரே கேள்விகள். என்ன வாசனை, எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்கு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “சார், நீ ஒரு நாளு வா சார். என் சைக்கிள் பின்னாடி குந்து. நான் காட்றேன்” என்றார். நம்பினால் நம்புங்கள், பத்து நாள் கழித்து ஓர் இளம் அதிகாரி உண்மையிலேயே வந்துவிட்டார். ஜீப் சந்துக்குள் நுழையவில்லை. சிஸ்டர் ஐஸ் பெட்டியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, “குந்து சார்” என்றார். அந்தப் பிள்ளை கூச்சத்தோடு கேரியரில் ஏறி உட்கார்ந்தது. தெருவே வாசலில் நின்று சிரித்தது. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் காற்று கடலிலிருந்து வீசியது. உப்புக்காற்று ஜிலுஜிலுவென்று முகத்தில் அடிக்க, மூன்று தெரு சுற்றியும் ஒரு நாற்றமும் இல்லை. அதிகாரி இறங்கி, “இங்க காத்து நல்லாத்தாம்மா இருக்கு” என்று எழுதிக்கொண்டு போனார். சிஸ்டர் இரண்டு நாள் பெல்கூட அடிக்காமல் போனார். மூன்றாவது நாள் மறுபடியும் அந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

கொரோனா அவரையும் பிடித்தது. மூன்று வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. மற்றபடி அதே பெல், அதே “ஜன்னல சாத்து”. நான் ஒன்றும் கவனிக்கவில்லை.

பல மாதம் கழித்து ஒருநாள் கடைக்கு வந்தார். அப்போதுதான் உள்ளே அலமாரியிலிருந்து ஒரு பினாயில் கேன் விழுந்து உடைந்து, கடை முழுக்க நெடி ஏறி, நானும் மனைவியும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தோம். அவர் நேராக உள்ளே போய், ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பி வந்தார்.

“இன்னா ரெண்டு பேரும் வெளிய நின்னுகினு கீறீங்கோ?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். எங்கள் கை மூக்கிலிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

கடைக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று எங்களிடம் சொன்னார். கொரோனாவோடு போனது, திரும்பவே இல்லை. மல்லி தெரியாது, மீன் தெரியாது. மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், திரும்பிப் பார்க்கிற வரைக்கும் யார் உட்கார்ந்திருப்பது என்றே தெரிவதில்லை.

“யார் கிட்டயும் சொல்லாதீங்கோ அண்ணாச்சி. என் மூக்க நம்பித்தான் கதவ தொறக்குறாங்கோ. அது இல்லன்னு தெரிஞ்சா, சொம்மா கத்திகினு போற பைத்தியம்னு வுட்டுடுவாங்கோ.”

“அப்ப இத்தனை நாளா எப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பாத்துத்தான். மூஞ்சிங்கள பார்ப்பேன். யாராவது மூக்க சுருக்குனா அங்க நின்னுடுவேன். பசங்கள கேப்பேன். காக்காய பார்ப்பேன். என் கண்ணு எரியும். தொண்ட காட்டும். மூக்கு ஒண்ணுதான போச்சு, மீதி எல்லாம் கீது இல்ல?”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவருடைய மூக்கானேன். காலையில் சைக்கிளில் போகும்போது, “அண்ணாச்சி, இன்னா வருது?” என்று கேட்பார்.

“ஒரு மாதிரி வருது.”

“ஒரு மாதிரின்னா? முட்டையா, மூத்திரமா, பெயிண்டா?”

“மூணும்.”

“உங்கள வச்சிகினு பேஜாரு அண்ணாச்சி” என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் ஒரு வருடத்தில் தேறிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தெரு என்று சொல்லும் அளவுக்கு.

அப்படி ஒருநாள் விடியற்காலையில் எனக்குக் கடுமையான சளி. மூக்கு கல்லாக அடைத்திருந்தது. வராமல் இருந்திருக்கலாம்; சர்க்கரை கூடியிருந்ததால் மனைவி விரட்டிவிட்டாள். கழிமுகத்துக்கு இந்தப் பக்கம், சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்னக் குப்பம். அன்று அங்கே இரண்டு வீட்டில் ரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்புறத்தில் ஒரு கம்பெனியின் நீளமான மதில். பனிக்கால விடியல், இலை அசையவில்லை.

குப்பத்துக்குள் திரும்பும் இடத்தில் சிஸ்டர் பிரேக் பிடித்தார்.

“அண்ணாச்சி, நாய்ங்க எங்க?”

வழக்கமாக அந்தத் திருப்பத்தில் நாலைந்து நாய்கள் எங்களைத் துரத்தும். அன்று அவை சாலையின் தெற்குக் கோடியில், ஒன்றோடொன்று நெருக்கி, குப்பத்தையே பார்த்தபடி நின்றன. மீன் கழுவும் இடத்தில் ஒரு காக்கை இல்லை.

“இன்னா வருது?”

“எனக்குச் சளி, சிஸ்டர். ஒண்ணுமே தெரியல.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரு ஊரே நம்பியிருக்கும் மூக்கு, அந்த மூக்குக்கு ஒரு மூக்கு. இரண்டும் அன்று விடுமுறை.

“கண்ணு எரியுதா?”

எரிந்தது. தொண்டையில் மிளகாயை வைத்தது போலிருந்தது. மதிலோரம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. நான் பனி என்று நினைத்திருந்தேன். சிஸ்டர் குனிந்து, சாலையோரச் சாம்பலில் ஒரு பிடி அள்ளி, தலைக்கு மேலே கையைத் தூக்கி மெல்ல விட்டார். சாம்பல் நேராக விழவில்லை. குப்பத்தைப் பார்த்துச் சாய்ந்து விழுந்தது.

“உள்ள போவுது” என்றார். அவ்வளவுதான். துப்பட்டாவைத் தண்ணீர் பாட்டிலால் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, பெல்லை விடாமல் அடித்தபடி உள்ளே போனார்.

உள்ளே பலர் விழித்துத்தான் இருந்தார்கள். இருமிக்கொண்டும் இருந்தார்கள். தினமும் வருவதுதானே என்று ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி படுத்திருந்தார்கள். சிஸ்டர் ஒவ்வொரு கதவாக உதைத்தார்.

“எய்ந்திரு! டவல நனைச்சி மூஞ்சில கட்டு! கடலுக்கு ஓடாத, காத்து அங்கதான் போவுது. குறுக்கால ஓடு, தேரடி பக்கம் ஓடு!”

“இன்னா சிஸ்டர், வயக்கமா வர்றதுதான?” என்றான் ஒருவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே.

“வயக்கமா வர்றது இல்லடா இது. என் மூக்கு மேல சத்தியமா சொல்றேன், கெளம்பு!”

மூக்கு மேல் சத்தியம் என்றதும் அவன் உள்ளே ஓடினான். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டான். “மூக்கு சிஸ்டர் சொல்லிட்டாங்கோ” என்று வீடு வீடாகக் குரல் போயிற்று. ஈரத்துண்டு கட்டிய முகங்கள் சந்திலிருந்து சாலைக்கு ஓடிவந்தன. நான் திருப்பத்தில் நின்று எல்லோரையும் தெற்கே, தேரடி பக்கம் திருப்பிவிட்டேன். லாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்களைக் கதவில் தட்டி எழுப்பினேன்.

கூட்டம் குறைந்ததும் சிஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

“கெழவனார் வர்ல!”

சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்திருந்த மீனவப் பெரியவர் அவர். சிஸ்டரைக் கண்டாலே “ரத்தக்காட்டேரி வந்துட்டா” என்று கத்துவார். மருமகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள், மகன் கடலில். என் கியர் சைக்கிளில் கேரியர் கிடையாது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் சைக்கிளோடு மறுபடி உள்ளே திரும்பிய சிஸ்டர் பின்னால் ஓடினேன்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். “வுட்டுட்டுப் போ, காட்டேரி. நான் எங்கயும் வர்ல. எனக்கு இதெல்லாம் பயகிப்போச்சு.”

“நைனா, இன்னிக்கு நீ வெறும் வயித்துல கீறியா இல்லியா?” என்றார் சிஸ்டர்.

“கீறேன்.”

“அப்ப நான் ரத்தம் எடுக்காம போவ மாட்டேன். வெளிய வந்து குடு.”

ஐஸ் பெட்டியைக் கழற்றி அங்கேயே எறிந்துவிட்டு, நானும் அவருமாகப் பெரியவரைத் தூக்கிக் கேரியரில் வைத்தோம். சிஸ்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, நான் பின்னாலிருந்து தள்ளினேன். பெரியவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்ததும் தெரியாததுமான எல்லாக் கெட்டவார்த்தையும் சொல்லித் திட்டினார். பாதி வழியில் திட்டு நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. சாலைக்கு வந்து தெற்கே நூறு அடி தள்ளிய பிறகு மறுபடி திட்ட ஆரம்பித்தார். வாழ்க்கையில் எந்த வசவும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

பலருக்கு வாந்தி, கண் எரிச்சல். சிலரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் வீடு திரும்பினார்கள். வந்தது என்ன வாயு என்று ஒரு பெயர் சொன்னார்கள். என் வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை உள்ளே போன சிஸ்டர்தான் அதிக நாள் இருமினார்.

பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள் மேடையில், குப்பத்து ஜனம் கீழே. கம்பெனி சார்பில் ஒருவர் எழுந்து மிகவும் மரியாதையாகப் பேசினார். கசிவு சிறியது, உடனே சரிசெய்துவிட்டோம். வாசனை என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மூக்கு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். ஒரு அம்மாவுடைய மூக்கை நம்பி ஊரே ஓடியதுதான் பதற்றத்துக்குக் காரணம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் எழுந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாம் சிஸ்டர்” என்றேன் மெதுவாக. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“சார், எனக்கு மூக்கு தெரியாது. கொரோனா வந்ததுல இருந்து ஒரு வாசனையும் தெரியாது. ஊருக்குச் சொல்லல. அது என் தப்புதான்.”

குப்பத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மூக்கில்லாத எனக்கே தெரிஞ்சிச்சு. மெஷினு, மீட்டரு, மூக்கு எல்லாம் வச்சிகினு கீற உங்களுக்கு எப்டி சார் தெரியாம போச்சு?”

முதலில் கைதட்டியது அந்த ஒற்றைக்கால் பெரியவர். அப்புறம் எல்லோரும். மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவர் பேனாவை எடுத்தார். கம்பெனியில் கசிவு நடந்த பகுதி சில மாதம் மூடிக்கிடந்தது, பிறகு திறந்தார்கள். குப்பத்தின் முனையில் அபாயச் சங்கு ஒன்று கம்பத்தில் ஏறியது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. சங்கு வந்தது, அவ்வளவுதான்.

கதவுகள் மூடிவிடும் என்று சிஸ்டர் பயந்தாரே, அது நடக்கவில்லை. நடந்தது வேறு. அவர் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்ததுமே வாசலிலிருந்து பெண்கள் கூவ ஆரம்பித்தார்கள். “சிஸ்டர், இங்க முட்டை!” “சிஸ்டர், எங்க பக்கம் ஆசிட்டு மாதிரி!” அவர் பெடலை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போவார். என் வேலை போய்விட்டது.

மகளுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்து அவர்கள் குடும்பம் அங்கே போய்விட்டது. போவதற்குச் சில வாரம் முன்னால், ஒருநாள் காலை கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன். பின்னணியில் லாரி ஹாரன்கள். அவர் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி! கயிமுகத்தாண்ட நிக்கிறேன். நாறுது அண்ணாச்சி!”

“என்ன ஆச்சு? என்ன கசிஞ்சிருக்கு?” பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன்.

“ஒண்ணும் கசியல. வயக்கமா நாறுறதுதான். கருவாடு, சேறு, டீசலு… எல்லாம் தெரியுது அண்ணாச்சி. அய்ய, இன்னா கலீஜா நாறுது!”

போனை ஸ்பீக்கரில் போட்டேன். நானும் மனைவியும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கோ நடுரோட்டில் ஒரு பெண் மூச்சை இழுத்து இழுத்து விடுவதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.